முழு சூரிய கிரகணம் பார்க்கப் பயணம் போகிறவர்களுக்கு: எங்கே நிற்பது, மேகத்தை எப்படிச் சமாளிப்பது, கண்ணாடியை எப்போது கழற்றுவது

கேள்வி இதுதான்: முதல்முறையாக முழு சூரிய கிரகணம் பார்க்க வெளிநாடு போகலாம் என்று ஒரு குடும்பம் திட்டமிடுகிறது. 95, 99 சதவீதம் மறைகிற பெரிய நகரங்களில் தங்குவது சுலபம், செலவும் குறைவு. அது போதாதா? எந்தக் கிரகணத்துக்குப் போகலாம், எங்கே நிற்க வேண்டும், எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: போதாது. 99 சதவீதம் என்பது நூற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்போலத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சூரியனைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஒளிப்படலமான கொரோனா, சூரிய வட்டத்தைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மங்கல். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு முழுநிலவின் வெளிச்சம்தான் இருக்கும். 99 சதவீதம் மறைந்த பிறகும் மிஞ்சுகிற அந்த ஒரு சதவீதம், கொரோனாவைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசம். அந்தக் கீற்று இருக்கிறவரை கொரோனா தெரியாது, வைர மோதிரம் (கடைசி ஒளிப்பொட்டு மோதிரக் கல்போல மின்னுவது) கிடையாது, கண்ணாடியைக் கழற்றவும் கூடாது. வெளிச்சம்கூட நன்றாக விளக்குப் போட்ட அறை அளவுக்கு இருக்கும். கண் மெல்ல மெல்லப் பழகிவிடுவதால் பலருக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது. மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதமும் மறையும்போதுதான் பகல் சட்டென்று அணைகிறது. இதற்காகத்தான் இத்தனை பேர் கடல் தாண்டிப் போகிறார்கள். தங்குமிடத்தில் மிச்சம் பிடிக்கலாம், சாப்பாட்டில் பிடிக்கலாம். பாதைக்குள் நிற்பதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

பாதை என்பது நிலாவின் கருநிழல் பூமியின் மேல் ஓடும் தடம். நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்; அகலம் பெரும்பாலும் 100 முதல் 250 கி.மீ. உலகில் எங்காவது ஓரிடத்தில் ஏறக்குறைய 18 மாதத்துக்கு ஒருமுறை முழு கிரகணம் வருகிறது. ஆனால் குறிப்பிட்ட ஓர் ஊருக்கு அது திரும்பி வரச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். வீட்டு வாசலில் உட்கார்ந்து காத்திருந்தால் கிடைக்காது, தேடித்தான் போக வேண்டும்.

மையக்கோட்டிலேயே நின்றாக வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். வேண்டியதில்லை. நிழல் ஏறக்குறைய வட்டமானது. நீங்கள் நிற்கும் இடத்தை அந்த வட்டத்தின் ஒரு நாண் கடந்து போகிறது. அதனால் நடுவிலிருந்து விலகும்போது நேரம் முதலில் மெதுவாகத்தான் குறையும், ஓரத்தை நெருங்கும்போதுதான் சடாரென்று விழும். மையத்தில் 4 நிமிடம் என்று வையுங்கள். மையத்துக்கும் ஓரத்துக்கும் பாதி தூரத்தில் நின்றாலும் 3 நிமிடம் 28 விநாடி கிடைக்கும். முக்கால் தூரத்தில் 2 நிமிடம் 39 விநாடி. பத்தில் ஒன்பது பங்கு தூரம் போய்விட்டால் 1 நிமிடம் 45 விநாடிதான். ஆகவே மையக்கோட்டுக்கு 40 கி.மீ. தள்ளி நல்ல வானமும் திறந்த வெளியும் இருந்தால், மையக்கோட்டின் மேகத்தைவிட அதுவே மேல். ஓரக்கோட்டை ஒட்டி மட்டும் நிற்காதீர்கள். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிகிற அந்த எல்லை, நிலாவின் விளிம்பிலுள்ள மலைகளையும் பள்ளங்களையும் சூரியனின் துல்லியமான விட்டத்தையும் பொறுத்து இடம் மாறக்கூடியது. குறைந்தது சில கிலோமீட்டராவது உள்ளே வந்துவிடுங்கள்.

பாதையைப் பார்க்க ஸேவியர் ஜூபியேயின் ஊடாடு வரைபடங்கள் நல்லவை. ஒரு புள்ளியைத் தொட்டால் அங்கே நான்கு தொடுகைகளும் (கிரகணத் தொடக்கம், முழுமறைப்பின் தொடக்கம், அதன் முடிவு, கிரகண முடிவு) எத்தனை மணிக்கு, சூரியன் எத்தனை பாகை உயரத்தில், எந்தத் திசையில் என்று எல்லாம் சொல்லிவிடும். நேரங்கள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றும்போது கோடைகால மணி மாற்றத்தைச் சேர்க்க மறந்து ஒரு மணி நேரம் தவறவிடுவது உண்மையில் நடக்கிற தவறு. மாற்றிய நேரத்தைக் குழுவில் இன்னொருவரையும் தனியாகக் கணக்கிடச் சொல்லி ஒப்பிடுங்கள்.

எந்தக் கிரகணம்?

2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தை முதல் பயணத்துக்குத் தயங்காமல் சொல்லலாம். தெற்கு ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி அரேபியா, ஏமன், சோமாலியா என்று பாதை ஓடுகிறது. எகிப்தின் லக்சர் அருகே உச்ச அளவு 6 நிமிடம் 23 விநாடி. 2009க்குப் பிறகு இவ்வளவு நீளமான முழுமறைப்பு வந்ததில்லை. பாதையின் அகலம் அங்கே 258 கி.மீ. ஜித்தாவில் ஏறக்குறைய 6 நிமிடம், மெக்காவில் 5 நிமிடத்துக்குச் சற்று மேல், மொராக்கோவின் தாஞ்சியரில் 5 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஸ்பெயினின் காதிஸில் 3 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகஸ்டில் லக்சர் பக்கம் மேகம் என்பதே அரிது.

ஆனால் அங்கே வேறு இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று வெயில்: 40 டிகிரியைத் தாண்டும், அதுவும் முழுமறைப்பு நடப்பது மதியம் ஒரு மணியளவில். இன்னொன்று சூரியனின் உயரம். 82 பாகை, அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர்மேலே. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பாயை விரித்துப் படுத்துவிடுவதுதான் வழி. சாதாரண முக்காலியில் கேமராவை அந்த உயரத்துக்கு நிமிர்த்தினால் லென்ஸ் காலில் இடிக்கும், திரையைப் பார்க்கத் தரையில் படுக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே ஒருமுறை செங்குத்தாகத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். நிழலுக்குக் குடை, ஆளுக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை கேமராவைவிட முக்கியம். பகுதி கிரகணம் முழுவதும் வெயிலில் நிற்க வேண்டாம். நிழலில் இருந்துகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து பார்த்தால் போதும்.

2028 ஜூலை 22 கிரகணம் ஆஸ்திரேலியாவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வடமேற்கிலிருந்து சிட்னி வரை வந்து, பிறகு நியூசிலாந்தின் தென் தீவைத் தொடுகிறது. உச்சம் 5 நிமிடம் 10 விநாடி, வடமேற்கிலுள்ள கிம்பர்லி பகுதியில். அப்போது அங்கே வறண்ட பருவம். வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஊர்களும் சாலைகளும் குறைவு. சிட்னியில் 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வசதி எல்லாம் இருக்கிறது, குளிர்காலக் கடலோர மேகமும் இருக்கிறது. 2030 நவம்பர் 25 கிரகணம் நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா வழியாக ஓடி ஆஸ்திரேலியாவில் முடிகிறது. உச்சம் 3 நிமிடம் 44 விநாடி.

முன்பதிவு செய்வதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் பட்டியலில் அடுத்தடுத்து மூன்று கிரகணங்கள்: 2026 ஆகஸ்ட் 12, 2027 ஆகஸ்ட் 2, 2028 ஜனவரி 26. இவற்றில் மூன்றாவது கங்கண கிரகணம். நிலா பூமியிலிருந்து தொலைவில் இருப்பதால் சூரியனை முழுதாக மூடாது, நெருப்பு வளையம் மிஞ்சும். 2027 பிப்ரவரி 6 கிரகணமும் கங்கணம்தான். கங்கண கிரகணம் அழகுதான். ஆனால் கொரோனா தெரியாது, ஆரம்பம் முதல் முடிவு வரை கண்ணாடியைக் கழற்றவும் கூடாது. விளம்பரத்தில் ‘சூரிய கிரகணச் சுற்றுலா’ என்று மட்டும் போட்டிருந்தால், முழுதா கங்கணமா என்று தேதியை வைத்துச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மேகம்

கிரகணப் பயணம் வீணாகிறது என்றால் பெரும்பாலும் காரணம் மேகம். இதைச் சமாளிப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம், ஓராண்டு இரண்டாண்டுக்கு முன்பே ஊரைத் தேர்ந்தெடுப்பது. இதற்கு வானிலை முன்னறிவிப்பு உதவாது, காலநிலைப் பதிவுதான் உதவும். அதே தேதி வாக்கில் கடந்த பல ஆண்டுகளில் செயற்கைக்கோள்கள் கண்ட மேகமூட்டத்தின் சராசரியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிரகணத்துக்கும் இதைத் தொகுத்து எழுதுகிறவர் கனடாவைச் சேர்ந்த வானிலையாளர் ஜே ஆண்டர்சன். அவர் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள். பொதுவாகச் சில விதிகள் உண்டு. காற்று கடலிலிருந்து மலைமேல் ஏறுகிற பக்கத்தில் மேகம் சேரும். மலையைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் கலையும். ஆகவே மலையின் மறைவுப் பக்கம் நல்லது. மலை உச்சி கம்பீரமாக இருக்கும், மேகத்தையும் அதுவே உண்டாக்கிக்கொள்ளும். கிழக்குக் காற்று வீசுகிற நாளில் ஜிப்ரால்டர் பாறையின் உச்சியிலிருந்து கொடிபோல ஒரு மேகம் தொங்குவதைப் பார்க்கலாம். சில கிலோமீட்டர் தள்ளி வானம் நீலமாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டாம் கட்டம் கடைசி ஐந்து நாள். ஐந்து நாளுக்கு முன் வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி இரண்டையும் பார்க்கத் தொடங்குங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். முரண்பட்டால் இன்னும் முடிவெடுக்காதீர்கள். 48 மணி நேரத்துக்கு முன் எந்தப் பகுதி என்று முடிவு. முந்தின இரவு எந்த ஊர் என்று முடிவு. அன்று காலை முன்னறிவிப்பை மூடிவைத்துவிட்டுச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பாருங்கள். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, எத்தனை வேகத்தில் என்பது அதில் நேரடியாகத் தெரியும்.

எந்த வகை மேகம் என்று பார்ப்பதும் முக்கியம். பகலில் நிலம் சூடாகி எழும்புகிற பஞ்சுப்பொதி மேகங்கள், கிரகணம் முன்னேறி நிலம் குளிரும்போது தாமாகவே கரைந்துபோவது உண்டு. கால்மணி நேரத்துக்கு முன் வானம் முழுக்கச் சிதறிக் கிடந்தவை முழுமறைப்புக்குள் காணாமல் போயிருக்கும். அதனால் இந்த வகை மேகத்தைக் கண்டு கடைசி நேரத்தில் பதறி வண்டியை எடுக்க வேண்டாம். வானம் முழுக்க இழுத்துப் போர்த்திய அடுக்கு மேகம் அப்படிக் கரையாது. அதைக் கண்டால் நகர்ந்தே ஆக வேண்டும். உயரத்தில் மெல்லிய இழைமேகம் இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். உள் கொரோனாவும் வைர மோதிரமும் அதன் ஊடாகவே தெரியும். வெளிப்புறத்தின் மெல்லிய இழைகள் மட்டும் தொலையும்.

இதிலிருந்து தங்குமிட முடிவும் பிறக்கிறது. மேக ஆபத்து அதிகமான நாட்டில் சொந்தமாக ஓட்டும் வாடகை வண்டி வேண்டும். பாதைக்குள் முந்நூறு நானூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்களில், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பிடித்து வைப்பது நல்லது. நாற்பது பேர் ஏறிய சுற்றுலாப் பேருந்து மேகத்தைக் கண்டு திசை திருப்பாது. மேகமே இல்லாத லக்சர் போன்ற இடத்தில் வண்டி தேவையில்லை. அங்கே குழுப் பயணமே நிம்மதி. கிரகணம் வருவது தெரியாமல் குறைந்த வாடகைக்கு அறை கொடுத்துவிட்ட விடுதிகள் பிறகு பதிவை ரத்து செய்து விலையை ஏற்றுவதும் நடக்கிறது. பதிவு உறுதி என்பதை எழுத்தில் வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

நிற்கும் இடம்

முந்தின நாளே, முழுமறைப்பு நடக்கப்போகும் அதே மணி நிமிடத்துக்கு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். ஒரு நாளில் சூரியனின் இடம் பெரிதாக மாறிவிடாது. அன்று எங்கே நிற்கிறதோ, கிட்டத்தட்ட அங்கேதான் நாளையும் நிற்கும். நடுவில் மரம், கட்டடம், குன்று எது வந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். சூரியன் தாழ்வாக இருக்கும் கிரகணங்களில் இது உயிர்நாடி. 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தில் ஸ்பெயினின் கலீசியாவில் முழுமறைப்பின்போது சூரியனின் உயரம் சுமார் 12 பாகை, மயோர்காத் தீவில் 3 பாகைக்கும் குறைவு. கையை நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அந்த அளவுக்குக் கீழே ஒரு சின்னக் குன்று வந்தாலே எல்லாம் போயிற்று.

தெருவிளக்குக்குக் கீழே நிற்காதீர்கள். இருட்டியதும் அது தானாக எரியும். வாகன நிறுத்துமிடங்களில் வண்டிகளின் முகப்பு விளக்கும் அப்படியே. மேற்குப் பக்கம் தூரம்வரை திறந்திருக்கும் மேட்டு நிலம் கிடைத்தால் விடாதீர்கள்; நிழல் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும், அது ஓடி வருவதைப் பார்க்கலாம். முந்தின இரவே அல்லது விடியற்காலையில் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். எரிபொருள் தொட்டி நிறைய இருக்கட்டும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் கூடும்போது கைபேசி இணைப்பு திணறும். வரைபடத்தையும் நேர அட்டவணையையும் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

கண்

ஐஎஸ்ஓ 12312-2 தரக்குறி உள்ள கிரகணக் கண்ணாடியை, அதை வானியல் கருவிகளோடு சேர்த்து விற்கிற நம்பகமான இடத்தில் வாங்குங்கள். குறியை மட்டும் நம்ப வேண்டாம், போலிகளிலும் அது அச்சாகியிருக்கும். சோதிக்கும் விதம்: வீட்டுக்குள் அணிந்தால் எதுவுமே தெரியக் கூடாது. எரிகிற மிகப் பிரகாசமான விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியலாம். அறையின் மேசை நாற்காலி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஒளியில் பிடித்துப் பார்த்து ஊசித்துளை, கீறல், மடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பற்றவைப்போர் பயன்படுத்தும் கண்ணாடியில் 14-ஆம் எண் சரி. எக்ஸ்ரே படம், புகைபிடித்த கண்ணாடி, குறுந்தகடு, இரண்டு கருப்புக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது ஆகிய எதுவும் ஆகாது. அவை வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை உள்ளே விடும். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்தது சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவே ஒரு புள்ளி விழும்போதுதான் தெரியவரும்.

பைனாகுலரோ தொலைநோக்கியோ இருந்தால், சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டி அதன் முன்பக்க லென்ஸின் மேல் இருக்க வேண்டும். கண்ணில் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பதுதான் மிக ஆபத்தான தவறு. குவிந்த வெளிச்சம் அந்தப் படலத்தைப் பொசுக்கிக் கண்ணுக்குள் போகும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதுதான் பெரும்பாலும் நேர்கிறது. பயத்தில் முழுமறைப்பின்போதும் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்துவிடுகிறார்கள். கண்ணாடி வழியே கொரோனா தெரியாது, வெறும் கருப்புதான் தெரியும். எதைப் பார்க்க வந்தார்களோ அதையே பார்க்காமல் திரும்புகிறார்கள். முழுமறைப்பின்போது வெறுங்கண்ணால் பார்ப்பது பாதுகாப்பானது; கிரகணக் கண்ணாடி இல்லாமல்தான் கொரோனாவைப் பார்க்க முடியும். கண்ணாடி வழியே கடைசிப் பொட்டு வெளிச்சமும் அணைந்ததும் கழற்றுங்கள். மறுபடி எப்போது அணிவது? முதல் கடி சூரியனின் எந்தப் பக்கத்தில் விழுந்ததோ, கிட்டத்தட்ட அதே பக்கத்திலிருந்துதான் சூரியன் மறுபடி வெளிப்படும். அந்தப் பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விளிம்பு பளபளக்கத் தொடங்கி, இளஞ்சிவப்பு வில் ஒன்று தோன்றினால் இன்னும் சில விநாடிதான். ஒரு துளி வெள்ளை வெளிச்சம் வெடித்ததும் கண்ணைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். சூரியன் தலைக்கு மேலே இருக்கும் 2027 எகிப்து போன்ற இடத்தில் அது வானத்தைக் கடக்கும்போது இடம் வலம் சுழன்றுவிடும்; அங்கே திசையை நம்புவதைவிட விநாடிக் கணக்கைச் சொல்லும் செயலியை நம்புவது நல்லது.

அந்த இரண்டரை மணி நேரம்

முதல் தொடுகைக்கும் முழுமறைப்புக்கும் இடையே ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் முக்கால் மணி நேரம் வெளியே எதுவும் மாறினதாகத் தெரியாது. மரத்தடியில் பாருங்கள்: இலைகளின் இடுக்கில் விழும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறையாக மாறியிருக்கும். மரமில்லாவிட்டால் துளைக்கரண்டியை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்தால் போதும், ஒவ்வொரு துளைக்கும் ஒரு பிறை.

கடைசிக் கால்மணியில் வெளிச்சத்தின் தன்மை மாறும். மாலைபோலச் சிவக்காது, நிறம் வடிந்து, ஈயம் பூசின மாதிரி ஆகும். நிழல்கள் ஒரு திசையில் மட்டும் கத்தியால் கீறினதுபோலக் கூர்மையாகும். உங்கள் கையின் நிழலைப் பார்த்தால் புறங்கையின் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கையை வேறு பக்கம் திருப்பினால் அதே நிழல் மங்கிவிடும், ஏனென்றால் வெளிச்சம் இப்போது வட்டத்திலிருந்து வரவில்லை, மெல்லிய பிறையிலிருந்து வருகிறது. காற்று குளிரும். வறண்ட நிலத்தில் வெப்பம் ஐந்து டிகிரிக்கு மேலும் இறங்கக்கூடும். பறவைகள் அடையப் போகும்.

கடைசி இரண்டு நிமிடத்தில் தரையில் விரித்த வெள்ளைத் துணியைப் பாருங்கள். குளத்தின் அடியில் ஓடும் அலைநெளிவுபோல மெல்லிய வரிகள் சில சமயம் ஓடும். காற்றின் அலைவு மெல்லிய பிறையின் வெளிச்சத்தைக் கலைப்பதால் வரும் வரிகள் இவை. எல்லா முறையும் தெரியாது. தெரியவில்லை என்று ஏங்க வேண்டாம். மேற்குத் தொடுவானம் மழை வரப்போவதுபோல இருண்டு வரும். பிறகு பிறை உடைந்து மணிகளாகச் சிதறும். நிலாவின் பள்ளத்தாக்குகள் வழியே கசியும் வெளிச்சம் அது, பெய்லி மணிகள். கடைசி மணி மட்டும் மிஞ்சும்போது வைர மோதிரம். அதுவும் அணையும்.

இப்போது கண்ணாடி வேண்டாம். நடுவில் மைபோன்ற கருவட்டம், சுற்றிலும் வெள்ளி இழைகளாகக் கொரோனா. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இழைகள் எல்லாப் பக்கமும் பூப்போல விரியும். அடங்கிய ஆண்டுகளில் இரு பக்கமும் நீண்டு, துருவங்களில் தூரிகை முடிபோலக் குட்டையாக நிற்கும். விளிம்பில் இளஞ்சிவப்பாகத் தெறிக்கிற பொட்டுகள் ஹைட்ரஜன் பிழம்புகள். பொட்டாகத் தெரியும் ஒன்றுக்குள் நம் பூமி பலமுறை அடங்கும்.

நேரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு போங்கள். நான்கு நிமிடம் என்றால் முதல் ஒரு நிமிடம் வெறுங்கண். அடுத்த ஒன்றரை நிமிடம் பைனாகுலர். 8x42 அல்லது 10x42, வடிகட்டி இல்லாமல். கொரோனாவின் இழைகளும் பிழம்புகளும் அதில் தெரிவதுபோல எந்தப் புகைப்படத்திலும் தெரியாது. கூடுதலாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் கேமரா லென்ஸை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். பிறகு இருபது விநாடி தலையைத் தாழ்த்தி ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பாருங்கள், எல்லாத் திசையிலும் அடிவானத்தில் அந்திநிறம் நிற்கும். முழுமறைப்பு முடிய முப்பது விநாடிக்கு முன் செயலி குரல் கொடுக்கும்படி வைத்து, அந்தக் குரல் கேட்டதும் பைனாகுலரைக் கீழே இறக்கிவிடுங்கள். இதில் விதிவிலக்கு வேண்டாம். மீதி நேரம் வெறுங்கண், இரண்டாம் வைர மோதிரத்துக்காக.

கேமரா

முதல் கிரகணத்தில் படம் எடுக்க வேண்டாம் என்பதே சரியான அறிவுரை. கேமராவோடு மல்லாடினால் நான்கு நிமிடமும் திரையைப் பார்ப்பதிலேயே போய்விடும். கைபேசியை ஒரு சிறு முக்காலியில் வைத்து, அகலக் கோணத்தில், உங்கள் குழுவும் வானமும் ஒன்றாகத் தெரியும்படி திருப்பி, ஐந்து நிமிடத்துக்கு முன்பே வீடியோவை ஓடவிட்டுவிட்டு மறந்துவிடுங்கள். மனிதர்களின் குரலும் சட்டென்று கவிழும் இருட்டும் பதிவாகும் அந்தப் படத்தைத்தான் பிறகு திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: சென்சாரில் சூரியனின் விட்டம் குவியத்தூரத்தை 109 ஆல் வகுத்தால் வருவது, 500 மி.மீ. லென்ஸில் சுமார் 4.6 மி.மீ. பகுதி கிரகணம் முழுக்க லென்ஸின் முன் வடிகட்டி. முழுமறைப்பு தொடங்கும்போது கழற்ற வேண்டும். இதை மறப்பதுதான் முதலிடம் பிடிக்கும் தவறு. தானியங்கிக் குவியத்தை அணைத்து, சூரியனின் விளிம்பிலோ கரும்புள்ளியிலோ கையால் குவித்து, வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். காற்று குளிரும்போது குவியம் சற்று நகரும் என்பதால் பத்து நிமிடத்துக்கு முன் மறுபடி சரிபாருங்கள். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8 என்று வைத்தால் பெய்லி மணிகளுக்கு 1/3200 விநாடி, பிழம்புகளுக்கு 1/800, உள் கொரோனாவுக்கு 1/200, சூரிய ஆரம் அளவு வெளியே உள்ள கொரோனாவுக்கு 1/3 விநாடி. எல்லாம் ஒரே படத்தில் வராது. கேமரா தானாக அடுக்கடுக்காக எடுக்கும்படி அமைத்து, கம்பி இயக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை வானத்தில் வையுங்கள். ஃபிளாஷ் எரியாமல் இருக்கட்டும். கூட்டத்தில் ஒருவர் ஃபிளாஷ் அடித்தால் சுற்றியுள்ளவர்களின் கண் பழக்கமே கெட்டுவிடும். இந்த வரிசை முழுவதையும் வீட்டில் இருட்டறையில் நான்கைந்து முறை ஒத்திகை பார்க்காமல் போகாதீர்கள்.

முடிந்த பிறகு

வெளிச்சம் திரும்பிய அடுத்த நிமிடமே எல்லோரும் வண்டியைக் கிளப்புவார்கள். 2017, 2024 அமெரிக்கக் கிரகணங்களில் வழக்கமாக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் சாலைகள் பல மணி நேரம் அடைத்துக் கிடந்தன. அன்றே விமானம் பிடிக்கும்படி பயணச்சீட்டு எடுக்காதீர்கள். ஓர் இரவாவது அங்கேயே தங்குங்கள். முழுமறைப்புக்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகுதி கிரகணம் நடக்கும். கண்ணாடியோடு அதையும் நான்காம் தொடுகை வரை பாருங்கள். குழந்தைகள் கண்ணாடியில்லாமல் அண்ணாந்து பார்ப்பது பெரியவர்களின் கவனம் தளரும் இந்த நேரத்தில்தான். கொரோனாவின் வடிவத்தை நினைவு கலையும் முன்பே, பத்து நிமிடத்துக்குள், ஒரு தாளில் வரைந்து வையுங்கள்: எந்தப் பக்கம் இழை நீளம், எங்கே பிழம்பு, எந்தத் திசையில் எந்தக் கோள் தெரிந்தது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவரும் மற்றவர் தாளைப் பார்க்காமல் தனித்தனியாக வரையட்டும்.